பாலர் வகுப்புக்கு எதை வாங்கலாம்: அட்டையா, பீ-பாட்டா, கோட்டு வண்டியா, மடிக்கணினியா?

மலேசியாவில் சுங்கை சிப்புட், பீடோர் போன்ற தோட்டப் பட்டணங்களின் தமிழ்ப்பள்ளிகளில் பாலர் வகுப்பு நடத்துபவர்கள் இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவு என்றால் என்ன, ரோபோ எப்படி முடிவெடுக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே காட்டிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை. விற்பனையாளர் ஒருவர் வண்ணப் படம் போட்ட விலைப்பட்டியலோடு வந்து நிற்கிறார். எதற்குத் தலையாட்டுவது?

அதற்கு முன்னால் அளவுகோலை முடிவு செய்துகொள்வோம். ஐந்து வயதுப் பிள்ளையை இந்த வகுப்பு நிரலாளராக்கப் போவதில்லை. ஒரு இயந்திரம் எதையாவது செய்யும்போது அந்தப் பிள்ளை மூன்று கேள்விகள் கேட்கப் பழகினால் போதும்: அது எதைப் பார்த்தது? எதை வைத்து முடிவு செய்தது? அந்த விதியை, அல்லது அந்த எடுத்துக்காட்டுகளை, அதற்குக் கொடுத்தது யார்? இந்த மூன்றுக்கும் பிள்ளையின் கண்முன்னே விடை காட்டும் கருவி, போட்ட காசுக்குத் தகும். காட்டாத கருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இந்த அளவுகோலை வைத்துத்தான்.

வகுப்பின் நிலைமையையும் மறக்கக் கூடாது. ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர், இருபத்தைந்து பிள்ளைகள் வரை, ஒரே அறை, சுவரோரம் ஒன்றிரண்டு மின்சாரப் பிளக்குகள், மழை பிடித்தால் தடுமாறும் இணையம். நகரத்துத் தனியார் பாலர் பள்ளிகளை மனதில் வைத்துத் தயாரித்த பாடத்திட்டங்கள் பல இங்கே முதல் நாளே சறுக்கிவிடும்.

அட்டை விளையாட்டுகள்

கணினியே இல்லாமல் கணினியைக் கற்பிக்கும் முறை இது. மணிலா அட்டை, மாஜோங் தாள் என்ற பெரிய வெள்ளைத் தாள், கறுப்பு வயர் டேப், வண்ண ஒட்டு வில்லைகள் இருந்தால் ஆரம்பிக்கலாம். செலவு முப்பது ரிங்கிட்டைத் தாண்டாது. மலிவு என்பதால் இதை ஏழைப் பள்ளிக்கான மாற்று வழி என்று நினைத்துவிட வேண்டாம். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் இதைவிடத் தெளிவாகக் காட்டுகிற கருவி குறைவு.

முதல் விளையாட்டில் ஒரு பிள்ளை ரோபோ, இன்னொரு பிள்ளை கட்டளை கொடுப்பவர். பள்ளித் தரையில் 30 சென்டிமீட்டர் ஓடு பதித்திருந்தால் கட்டங்கள் தயாராகவே இருக்கின்றன. சிமெண்டுத் தரையானால் வயர் டேப்பால் ஐந்துக்கு ஐந்து கட்டம் போடுங்கள். மூன்றே வகை அட்டை: முன்னே ஓர் அடி, நின்ற இடத்திலேயே இடப்பக்கம் திரும்பு, நின்ற இடத்திலேயே வலப்பக்கம் திரும்பு. அட்டைகளை வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் ரோபோ நகரத் தொடங்க வேண்டும்.

இதில் இரண்டு சிக்கல்கள் நிச்சயம் வரும். நான்கு வயதில் இடம் வலம் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிடிபடாது. ரோபோவின் வலது மணிக்கட்டில் சிவப்பு நாடாவும் இடதில் நீல நாடாவும் கட்டி, அட்டையின் ஓரத்திலும் அதே நிறத்தைப் பூசிவிட்டால் குழப்பம் தீரும். இரண்டாவது சிக்கல்தான் பெரிது: ரோபோவாக நிற்கும் பிள்ளை இலக்கைப் பார்த்துவிடுகிறது, அட்டை தப்பாக இருந்தாலும் தானே சரியான கட்டத்துக்குப் போய்விடுகிறது. நல்ல மனம்தான், ஆனால் பாடம் கெட்டுவிடும். தலையில் ஒரு தொப்பியைப் போட்டு விளிம்பை நன்றாகக் கீழே இழுத்துவிடுங்கள். காலடிக் கட்டம் மட்டும் தெரிந்தால் பிள்ளை அட்டையை மட்டுமே நம்பும்.

அடுத்தது விதி விளையாட்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேப்பில் ரேண்டி வில்லியம்ஸ் குழுவினர் பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்காக வடிவமைத்து 2019-ல் வெளியிட்ட பாப்பாட்ஸ் என்ற பாடத்திட்டத்தில், கல்-காகிதம்-கத்தரி விளையாட்டின் விதிகளைப் பிள்ளைகளே ரோபோவுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அதைவிட நெருக்கமானது ஒன் டூ சோம். பறவை தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் கல்லை மூழ்கடிக்கும், கல் பறவையை அடிக்கும். மூன்று விதிக்கும் மூன்று படஅட்டை செய்து ரோபோப் பிள்ளையின் கையில் கொடுங்கள். இரண்டு பேர் விளையாட, யார் ஜெயித்தார் என்று ரோபோ அட்டையைப் பார்த்து மட்டுமே சொல்ல வேண்டும்.

சில ஆட்டம் போனதும் ஓர் அட்டையை உருவிவிடுங்கள். தண்ணீரும் கல்லும் மோதும்போது ரோபோவிடம் விதி இல்லை. "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அது அப்படியே நிற்க வேண்டும். அந்த இடத்தில்தான் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள்: "தண்ணிதான் டீச்சர் ஜெயிக்கும்!" அவர்களுக்குத் தெரியும், ரோபோவுக்குத் தெரியாது, காரணம் யாரும் அதற்குச் சொல்லவில்லை. பிறகு ஓர் அட்டையை வேண்டுமென்றே மாற்றி, பறவை கல்லை ஜெயிக்கும் என்று வரைந்து கொடுங்கள். ரோபோ அதையும் கீழ்ப்படிந்து சொல்லும். தப்பான விதியைக் கொடுத்தால் தப்பான தீர்ப்பு வரும் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விதி விளையாட்டில் இன்னொன்றும் உண்டு. மலேசிய செம்பனை வாரியத்தின் தரம் பிரிக்கும் கையேட்டின்படி, செம்மஞ்சள் நிறமாகி, குறைந்தது பத்து பழங்கள் உதிர்ந்த குழி தெரியும் குலைதான் பழுத்தது. நிறம் வந்தும் பத்துக்குக் குறைவாக உதிர்ந்திருந்தால் முழுப்பழம் அல்ல. கறுத்து, ஒன்றுகூட உதிராமல் இருந்தால் காய். இதுவே முழுமையான முடிவு விதி. குலைப் படம் வரைந்து, உதிர்ந்த குழிகளுக்குக் கறுப்பு வில்லை ஒட்டி, பத்துக்குப் பதிலாக மூன்று என்று குறைத்துக்கொண்டால் நான்கு வயதுப் பிள்ளையும் எண்ணி, "வெட்டு", "விடு" என்று தீர்ப்புச் சொல்லும். வீட்டில் குலை வெட்டுகிறவர் இருந்தால் இந்தப் பாடம் அன்று மாலை வீட்டிலும் தொடரும்.

மூன்றாவது விளையாட்டு விதியே இல்லாமல், எடுத்துக்காட்டுகளிலிருந்து முடிவெடுப்பது. செயற்கை நுண்ணறிவு என்று இன்று பேசப்படுவதில் பெரும்பகுதி இதுதான் என்பதால் இதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். ஒரு மாஜோங் தாளைத் தரையில் விரியுங்கள். இடமிருந்து வலமாகச் சின்னது, பெரியது. கீழிருந்து மேலாக மெத்தென்றது, கடினமானது. சந்தையிலிருந்து உண்மையான பொருட்களைக் கொண்டுவந்து பிள்ளைகள் தொட்டு அழுத்திப் பார்த்து இடம் சொல்லட்டும். வாழைப்பழம், பப்பாளி, ரம்புத்தான், கத்திரிக்காய், உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு, பூசணிக்காய் என்று எட்டுப் பத்து பொருள் போதும். அப்படியே சாப்பிடுவதற்குப் பச்சை வில்லை, சமைத்துச் சாப்பிடுவதற்குச் சிவப்பு வில்லை.

இப்போது ரோபோவுக்கு ஒரே ஒரு வேலை: புதிய பொருள் வந்தால் அதன் இடத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் மூன்றின் வில்லைகளைப் பார்த்து, எந்த நிறம் அதிகமோ அதையே சொல்வது. முள்ளங்கியைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடும். அடுத்து தர்பூசணியைக் கொடுங்கள். பெரியது, கடினமானது. பக்கத்தில் பூசணி, மரவள்ளி, உருளைக்கிழங்கு. ரோபோ "சமைக்கணும்" என்று சொல்லும். வகுப்பே சிரிக்கும். சிரித்து முடிந்ததும் கேளுங்கள்: ஏன் அப்படிச் சொன்னது? அளவையும் கடினத்தையும் மட்டும்தான் நாம் அதற்குக் காட்டினோம். இனிப்பா என்று அது கேட்கவே இல்லை, நாம் சொல்லவும் இல்லை. பக்கத்து மூன்றைப் பார்த்து முடிவெடுக்கும் இந்த முறை பொறியாளர்கள் நிஜமாகவே பயன்படுத்துவதுதான்; பாப்பாட்ஸ் ரோபோ உணவுகளை வகை பிரிப்பதும் இதே அடிப்படையில்தான்.

இலை, விதை பொறுக்கி இதே விளையாட்டை நடத்தலாம். ரப்பர் இலையில் மூன்று சிற்றிலைகள் இருக்கும், அடையாளம் காண எளிது. ரப்பர் கொட்டையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பச்சையாக வாயில் போட்டால் நஞ்சு. இந்த வயதில் எதுவும் வாய்க்குப் போகும்.

அட்டை முறையின் உண்மையான குறை ஒன்றுதான். ரோபோவாக நிற்பது கூட விளையாடும் தோழன். அவனுக்குத் தர்பூசணி இனிக்கும் என்று தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிறான். ஒன்றும் தெரியாத ஒரு பொருள் தானாக முடிவெடுத்து, யாரும் எதிர்பார்க்காத விதத்தில் தப்புச் செய்வதைப் பார்க்கும் வியப்பு இதில் கிடைக்காது. அதற்காகத்தான் அடுத்து வருபவை.

பீ-பாட்

பிரிட்டனின் டி.டி.எஸ். நிறுவனம் விற்கும் மஞ்சள் தேனீ ரோபோ இது. முதுகில் பொத்தான்கள்: முன், பின், இடம், வலம், நிறுத்தம், அழி, நடுவில் ஓடு. ஒரு கட்டளைக்கு 15 சென்டிமீட்டர் நகரும், திரும்பினால் 90 பாகை. உறுதியான பொருள். கீழே விழுந்தாலும் தாங்கும், எழுத்துத் தெரியாத பிள்ளையும் இயக்கும். விலை ஒன்றுக்கே பல நூறு ரிங்கிட். நான்கைந்து பேருக்கு ஒன்று என்றால் இருபத்தைந்து பேர் வகுப்புக்கு ஐந்து வேண்டும். அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

வாங்கிய பள்ளிகள் முதல் வாரத்திலேயே பார்க்கும் தொல்லைகள் மூன்று. பழைய கட்டளைகளை அழிக்காமல் புதியதை அழுத்தினால் பழையதும் சேர்ந்து ஓடும். பிள்ளை தன் திட்டம் தப்பு என்று நினைத்து அழும். ஒவ்வொரு முறையும் முதலில் அழி பொத்தான் என்பதை ஒரு பாட்டாகவே பழக்கிவிடுங்கள். அடுத்து, திரும்பும் பொத்தானை அழுத்தினால் தேனீ திரும்புவதோடு பக்கத்துக் கட்டத்துக்கும் போய்விடும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். அது நின்ற இடத்தில் திரும்ப மட்டுமே செய்யும். முன்பே அட்டை விளையாட்டில் நின்ற இடத்தில் திரும்பிப் பழகியவர்களுக்கு இந்தக் குழப்பம் வெகு குறைவு. மூன்றாவது, தரை. 30 சென்டிமீட்டர் ஓட்டின் மேல் ஓடவிட்டால் ஓட்டுக்கு இரண்டு அடி என்று கணக்குப் பொருந்தும். ஆனால் ஓட்டு இடுக்குகளில் சக்கரம் லேசாகக் கோணிக்கொண்டால், நான்கைந்து ஓடு தாண்டியதும் நேர்கோடு நேராக இருக்காது. மாஜோங் தாளில் 15 சென்டிமீட்டர் கட்டம் வரைந்து நான்கு பக்கமும் இழுத்து ஒட்டிவிட்டால் சரியாக ஓடும். ஒட்டாத தாள் சக்கரத்தோடு நழுவும்.

நம் அளவுகோலில் பீ-பாட் தேறுமா? பாதிதான். கட்டளைகளை வரிசைப்படுத்துவது, தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவது இரண்டையும் அருமையாகக் கற்றுத்தரும். ஆனால் எதிரே பெட்டி இருக்கிறதே என்று பார்த்து அது வழி மாறாது. மோதிக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றும். அதாவது, அது எதையும் முடிவு செய்வதில்லை. எல்லா முடிவும் பிள்ளையுடையது. 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரில் இதை விற்க வருபவரிடம் இந்த ஒரு விஷயத்தைக் கேளுங்கள்.

கைப்பலகை (டேப்லெட்) செயலிகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஸ்க்ராட்ச் ஜூனியர் என்ற நிரலாக்கச் செயலி இலவசம், ஐந்து முதல் ஏழு வயதுக்கானது, படக்கட்டைகளால் ஆனது, கதை செய்யச் சிறப்பானது. பள்ளியில் ஏற்கெனவே கைப்பலகைகள் இருந்தால் பயன்படுத்துங்கள். இந்தப் பாடத்துக்கென்று புதிதாக வாங்க வேண்டாம். அதிலும் இயந்திரம் வெளியுலகைப் பார்த்து முடிவெடுப்பது தெரியாது. அதோடு, மூன்று, நான்கு வயதுக்குத் திரை முன் உட்காரும் நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். வீட்டில் கைப்பேசி பார்க்கும் நேரமும் அந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

கோடு பிடித்து ஓடும் வண்டி

நம் மூன்று கேள்விகளுக்கு ஒரு பொருளாக நின்று பதில் சொல்லும் முதல் கருவி இது. வண்டியின் அடியில் சிறிய விளக்கும் அதன் ஒளியை வாங்கும் சென்சாரும் இருக்கும். வெள்ளைத் தாள் ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும். எந்தப் பக்கம் ஒளி குறைகிறதோ அந்தப் பக்கம் கோடு இருக்கிறது என்று வண்டி திரும்பும். பார்த்தது என்ன? வெளிச்சம். விதி? கறுப்பு எங்கேயோ அங்கே திரும்பு. விதியைக் கொடுத்தது? செய்தவர்கள். பாதையைக் கொடுத்தது? நீ, உன் பேனாவால்.

இரண்டு விலையில் கிடைக்கிறது. இணையக் கடைகளில் இருபது, முப்பது ரிங்கிட்டுக்குள் கிடைக்கும் பேனாக்கோட்டு பொம்மை வண்டி ஒன்று. பல நூறு ரிங்கிட் விலையுள்ள, நிறங்களையும் அடையாளம் காணும் ஓசோபாட் இன்னொன்று.

மலிவு வண்டியைப் பற்றி முதலில் பாதுகாப்புப் பேச்சு. பலவற்றில் பொத்தான் பேட்டரிகள்தான் இருக்கும். பிள்ளை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகக்கூடும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம். பேட்டரி மூடி திருகாணியால் பூட்டப்படாத வண்டியை வகுப்புக்குள் விடவே கூடாது. சார்ஜ் செய்யும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள். மலேசியாவில் விற்கும் பொம்மைகளில் எம்.சி. என்ற இணக்கக் குறி இருக்க வேண்டும். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பேட்டரியை மாற்றுவது பெரியவர் வேலை, அதுவும் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு.

ஓட்டத்தில் வரும் கோளாறுகளுக்குக் காரணம் பெரும்பாலும் வண்டி அல்ல, கோடும் வெளிச்சமும்தான். நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் சில மார்க்கர் மைகள், இந்த வண்டிகள் பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளிக்குக் கறுப்பே அல்ல. ஒளி ஊடுருவித் தாளில் பட்டுத் திரும்பிவிடும். ஒரு மார்க்கரில் ஓடாத வண்டி இன்னொன்றில் ஓடும். ஆகவே மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒன்றைச் சோதியுங்கள். கரிநிறமி கலந்த மை நம்பகமானது. கோடு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிமனாக, இடைவெளி இல்லாமல் இருக்க வேண்டும். பிள்ளைகள் நடுங்கும் கையால் வரைந்த கோட்டின் மேல் நீங்கள் இன்னொரு முறை வரைந்து தடிமனாக்குங்கள். கூர்மையான மூலைகளில் வண்டி கோட்டைத் தாண்டிவிடும். குவளையைக் கவிழ்த்து அதன் விளிம்பைச் சுற்றி வளைவு வரையுங்கள். காலையில் நன்றாக ஓடிய வண்டி பத்து மணிக்குப் பித்துப் பிடித்ததுபோல் சுற்றினால், ஜன்னல் வழியாகத் தாளில் வெயில் விழுகிறதா என்று பாருங்கள். வெயிலில் அகச்சிவப்பு ஏராளம். இதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். திரையை இழுத்து மூடி மறுபடி ஓடவிட்டால், இயந்திரம் பார்ப்பது நாம் பார்ப்பது போல் அல்ல என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

ஓசோபாட்டில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நிறக் குறியீடு எதுவும் இல்லாவிட்டால் அது ஏதாவது ஒரு பக்கத்தைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கும். ஒரு கிளையின் முனையில் வீடு, மறு முனையில் கோயில் என்று படம் ஒட்டி, ஓட்டத்துக்கு முன் பிள்ளைகளை ஊகிக்கச் சொல்லுங்கள். முதல் ஓட்டத்தில் கோயிலுக்குப் போனதும், "அதுக்குக் கோயில் பிடிக்கும்" என்பார்கள். மறுக்க வேண்டாம். பத்து முறை ஓடவிட்டு, ஒவ்வொரு முறையும் சுவர்த் தாளில் கோடு போட்டு எண்ணுங்கள். இரண்டு பக்கமும் கோடுகள் சேரச் சேர, பிடித்தம் என்று எதுவும் இல்லை என்பது அவர்களுக்கே விளங்கும். பிறகு நிறக் குறியீட்டை ஒட்டினால் வண்டி ஒவ்வொரு முறையும் சொன்ன பக்கமே திரும்பும். குறியீட்டின் நிறக்கட்டங்கள் மிகச் சிறியவை. பிள்ளைகளின் விரலுக்கு மார்க்கரில் வராது. ஒட்டு வில்லைகளாகவே வாங்கிவிடுங்கள். தாளோ விளக்கோ மாறினால் வண்டியை மறுபடி அளவமைக்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சையைக் கறுப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

மடிக்கணினியும் டீச்சபிள் மெஷினும்

கூகுள் 2017-ல் வெளியிட்டு 2019-ல் விரிவாக்கிய இந்த இணையக் கருவி இலவசம். கேமரா முன் பொருட்களைக் காட்டி, இது இன்னது என்று சொல்லிக்கொடுத்தால், புதிய பொருளை அதுவே வகை பிரிக்கும். பக்கத்தைத் திறக்க இணையம் வேண்டும். பயிற்சி மடிக்கணினியின் உலாவிக்குள்ளேயே நடக்கிறது. நீங்களாகச் சேமித்தாலோ ஏற்றினாலோ ஒழிய, படங்கள் வெளியே போவதில்லை. ஆனாலும் பிள்ளைகளின் முகம் படத்தில் விழாதபடி கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

ரம்புத்தான் காலமாக இருந்தால் இதைவிட நல்ல பாடப்பொருள் கிடையாது. மூன்று வகுப்புகள் அமையுங்கள்: ரம்புத்தான், மங்குஸ்தீன், ஒன்றுமில்லை. மூன்றாவதை விட்டுவிடுபவர்கள் அதிகம். கருவி காட்டும் விழுக்காடுகள் எப்போதும் கூட்டி நூறு வரும்படி அமைந்தவை. அதனால் வெறும் கையைக் காட்டினாலும் இரண்டில் ஒன்றை அடித்துச் சொல்லும். 'ஒன்றுமில்லை' வகுப்பில் வெறும் பின்னணியையும் வெறும் கையையும் பதிவு செய்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பின்னணிக்கு வெள்ளை மணிலா அட்டை. வகுப்புக்கு ஐம்பது, அறுபது படம், மூன்றிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நொடிக்கு 24 படம் வரை எடுத்துத் தள்ளும். இரண்டு நொடியில் ஐம்பது வந்துவிட்டதே என்று நிறுத்தினால் ஐம்பதும் ஒரே படம்தான். பழத்தைத் திருப்பி, அருகில் கொண்டுபோய், தள்ளி வைத்து, மெதுவாக அசைத்துக்கொண்டே எடுக்க வேண்டும். பழம் பிடிக்கும் பிள்ளையையும் மாற்றிக்கொண்டே இருங்கள். சிவப்புச் சட்டைப் பிள்ளை மட்டும் ரம்புத்தானைப் பிடித்தால் இயந்திரம் பழத்தை விட்டுவிட்டுச் சட்டைக் கையைப் படித்துக்கொள்ளும். பயிற்சிப் பொத்தானை அழுத்தியபின் ஒரு நிமிடம்கூட ஆகாது. அதுவரை உலாவியில் வேறு பக்கத்துக்குத் தாவாதீர்கள், பயிற்சி நின்றுவிடும். படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகத் திரையில் நீளும் வண்ணப் பட்டைகளின் அருகே பழப் படங்களை ஒட்டிவிடுங்கள்.

சரியாகச் சொல்லும்போது கைதட்டுவார்கள். பாடம் அதற்குப் பிறகுதான். மஞ்சள் ரம்புத்தானைக் காட்டுங்கள். பெரும்பாலும் பட்டை தடுமாறும். அதன் பிறகு இரண்டு பழத்தையும் உரித்துக் காட்டுங்கள். உரித்த ரம்புத்தானும் வெள்ளை, உரித்த மங்குஸ்தீனும் வெள்ளை. பிள்ளைகள் வாசனையாலும் சுளையாலும் நொடியில் சொல்லிவிடுவார்கள், இயந்திரம் திணறும். ஏன் என்று கேட்டால் ஒரு பிள்ளையாவது சொல்லும்: "தோலைத்தானே டீச்சர் காட்டினோம்." சரி, உரித்த பழத்தையும் காட்டலாம் என்று முப்பது படம் சேர்த்து மறுபடி பயிற்சி கொடுங்கள். இயந்திரத்தைத் திருத்துவது நம் கையில்தான் இருக்கிறது என்பதைப் பிள்ளை தன் கையால் செய்து பார்ப்பது இங்கே ஒன்றில்தான்.

பருவம் தப்பினால் எலுமிச்சை, தக்காளி, பச்சை மிளகாய் என்று எதுவும் ஆகும். ஆறு பேருக்கு மேல் மடிக்கணினி முன் உட்கார வைக்காதீர்கள். மீதிப் பேரை உதவியாளர் தர்பூசணி விளையாட்டில் வைத்துக்கொள்ளட்டும். இடி மின்னல் நாளில் பிளக்கைக் கழற்றி மின்கலத்தில் ஓட்டுங்கள்.

எதை எடுப்பது

கையில் ஐம்பது ரிங்கிட் என்றால் யோசிக்கவே வேண்டாம்: அட்டைகளும் ஒரு மலிவுக் கோட்டு வண்டியும். பள்ளியில் கேமராவுள்ள மடிக்கணினி ஒன்று ஏற்கெனவே இருந்தால் டீச்சபிள் மெஷினுக்குச் செலவே இல்லை. பழம் வாங்கும் காசு மட்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் கட்டளை, விதி, எடுத்துக்காட்டு என்ற மூன்று வழிகளும் பிள்ளைக்குக் கிடைத்துவிடும். இதுதான் எங்கள் முதல் பரிந்துரை, பணம் அதிகம் இருக்கும் பள்ளிக்கும் சேர்த்து.

சில நூறு ரிங்கிட் கூடுதலாக இருந்தால் ஐந்து பீ-பாட்டுக்குச் சேர்த்து வைப்பதைவிட ஓர் ஓசோபாட் வாங்குங்கள். கிளைப்பாதைச் சோதனையை வகுப்பு முழுவதும் சுற்றி நின்று பார்க்கலாம் என்பதால் ஒன்றே போதும். பீ-பாட்டை அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. பொத்தானைத் தொடாத பிள்ளைக்கு அதில் பாடமே இல்லை.

பீ-பாட் வேண்டும் என்று பள்ளி உறுதியாக இருந்தால் அக்கம் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகள் மூன்று நான்கு சேர்ந்து ஒரு தொகுப்பு வாங்கி, தவணைக்கு ஒரு பள்ளியாகச் சுற்றவிடலாம். சேர்ந்து வாங்குவது நம் மக்களுக்குப் புதிதல்ல. 1960-ல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் பங்குப் பணத்தால் தோட்டங்களையே வாங்கினார்கள். தொகுப்புக்கு ஒரு பொறுப்பாசிரியர், எண் ஒட்டிய பெட்டி, சார்ஜ் வயர் உள்பட ஒப்படைப்புப் பட்டியல் ஆகிய மூன்றும் இருந்தால்தான் பொருள் நிலைக்கும். மைக்ரோபிட் போன்ற மின்பலகைத் தொகுப்புகளை இந்த வயதுக்கு வாங்க வேண்டாம். அவை எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானவை, சின்னத் திருகாணிகளும் அதிகம்; தொடக்கப்பள்ளிப் பிரிவுக்கு விட்டுவிடுங்கள்.

வரிசையும் முக்கியம். கட்ட விளையாட்டு முதலில், ஒன் டூ சோம் அடுத்து, பிறகு கோட்டு வண்டி, அதன்பின் மாஜோங் தாளில் பக்கத்து மூன்று, கடைசியாக மடிக்கணினி. மடிக்கணினியை முதலில் திறந்துவிட்டால் அது பிள்ளைகளுக்கு மாயவித்தையாகத்தான் தெரியும். தர்பூசணியில் தோற்ற ரோபோவைப் பார்த்துவிட்டு வருபவர்கள், திரையில் பட்டை தடுமாறியதும் தாங்களாகவே கேட்பார்கள்: "இதுக்கு எதைக் காட்டாம விட்டோம்?"

நான்கு வயதுப் பிள்ளைகளோடு முதல் மூன்றில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அமர்வும் இருபது நிமிடத்துக்குள் முடியட்டும். வெளியார் யாராவது வந்து கட்டணம் வாங்கி வகுப்பு நடத்த முன்வந்தால், ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரே ஒரு பாடத்தை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். அதில் இயந்திரம் தப்புச் செய்யும் இடமும், பிள்ளைகள் அதைத் திருத்தும் இடமும் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.